உங்களுக்குத் தெரியுமா? டேனா முதலில் ஓர் ஆண்!
ஆக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரட்’ (1979) நாவலில், 1976-இன் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து காலத்தில் பின்னோக்கி, அடிமைமுறை நிலவிய மேரிலாந்துக்கு இழுத்துச் செல்லப்படுபவள் டேனா என்ற கறுப்பினப் பெண். பட்லர் முதலில் எழுத முயன்றதோ ஓர் ஆணை வைத்து. ஆனால் வெள்ளையரைக் கண்ணோடு கண் நோக்கும் இக்காலத்துக் கறுப்பின ஆண், அந்த உலகின் விதிகளைக் கற்பதற்குள்ளேயே கொல்லப்பட்டிருப்பான். பெண்ணை அவ்வளவு ஆபத்தானவளாக யாரும் நினைக்க மாட்டார்கள்; அதனால் டேனா பிழைத்திருக்கிறாள். ஆனால் அவள் கொடுக்கும் விலை கடுமையானது. அங்குள்ள பண்ணையாரின் மகன் ரூஃபஸ் அவளுடைய மூதாதை. அவன் ஆலிஸ் என்ற கறுப்பினப் பெண்ணைப் பலவந்தமாக அடைந்ததில்தான் டேனாவின் வம்சம் தொடங்குகிறது. பலமுறை அவன் உயிரைக் காத்த டேனாவையே கடைசியில் அவன் பலவந்தப்படுத்தத் துணிகிறான். மையப் பாத்திரம் ஆணாக இருந்திருந்தால் நாவல் இந்தக் கொடுமையை இவ்வளவு நெருங்கிப் பார்த்திருக்காது.