நாட்டின் திட்டமும் நம் வீட்டுத் தட்டும்

நண்பகல் மணி அடித்ததும் ஜெபம் சொல்லிவிட்டு உணவுப் பாத்திரத்தைத் திறக்கிறோம். எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, சாம்பார்ச் சோறு என்று பெயர்தான் வேறு, எல்லாம் சோறுதான். சத்துணவுக் கூடத்திலே உண்ணும் தோழியரின் தட்டிலும் சோறு குறைவதில்லை. ஆனாலும், எங்கள் வகுப்பில் இரத்தப் பரிசோதனை நடந்தபோது பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை இருப்பதாகத் தெரிந்தது. வயிறு நிறைய உண்ணும் எங்களுக்கா இந்தக் குறை என்று வியந்தோம். அந்த வியப்பே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

நாட்டு மக்கள் அனைவருக்கும் உணவு கிடைக்க அரசு திட்டமிட்டு முதலீடு செய்கிறது என்று பாடத்தில் படிக்கிறோம். முதலீடு என்றால் என்ன? கிராமத்து ஆச்சிமாரைக் கேட்டால் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அறுவடை ஆனதும் நல்ல நெல்லாகப் பார்த்துப் பிரித்து, வைக்கோலால் கோட்டை கட்டி, விதைக்கென்று எடுத்து வைப்பது நம் நெல்லைச் சீமையின் பழைய வழக்கம். வீட்டில் எவ்வளவு முடை வந்தாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். இன்று உண்டுவிட்டால் அது செலவு. நாளைக்கென்று வைத்தால் அது முதலீடு. நாட்டின் வரவு செலவுத் திட்டத்திலும் விதைநெல் உண்டு. ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் 2003-ஆம் ஆண்டு மொசாம்பிக் நாட்டின் மபுட்டோ நகரில் கூடி, தத்தம் நாட்டு வரவு செலவில் குறைந்தது 10 சதவிகிதத்தை வேளாண்மைக்கு ஒதுக்குவதென்று உறுதி பூண்டதும் இதற்காகவே.

1996-இல் ரோம் நகரில் உலக உணவு மாநாடு நடந்தது. உணவுப் பாதுகாப்பை இன்று உலக நாடுகள் நான்கு படிகளாகப் பார்க்கின்றன. உணவு நாட்டில் இருக்க வேண்டும்; ஏழைக்கும் எட்ட வேண்டும்; உண்டது உடலில் சத்தாகச் சேர வேண்டும்; இம்மூன்றும் எக்காலத்திலும் நிலைக்க வேண்டும். இந்நான்கையும் காண நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் தாமிரபரணிக் கரையிலேயே காணலாம்.

முதலாவது, உணவு இருத்தல். பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயலில் கடலோடு கலக்கும் நம் ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழும் மிகப் பழமையானவை. எட்டாவதாகிய திருவைகுண்டம் அணைக்கட்டு 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. பின்னர் பாபநாசம் அணை எழுந்தது. சுதந்திரம் பெற்றபின் 1951-இல் தொடங்கிய முதல் ஐந்தாண்டுத் திட்டம் வேளாண்மைக்கும் பாசனத்திற்கும் முதலிடம் தந்தது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1958-இல் மணிமுத்தாறு அணை கட்டி முடிக்கப்பட்டது. இன்று ஏறத்தாழ 86 ஆயிரம் ஏக்கரில் காரும் பிசானமும் விளைய இந்த நீரே ஆதாரம். என்றோ ஒருவர் சுமந்த கல்லும் மண்ணும் இன்று நம் தட்டில் சோறாக நிற்கின்றன!

நீர் மட்டும் போதுமா? நல்ல விதையும் வேண்டும். 1960-களின் நடுவில் நாட்டில் மழை பொய்த்தது; அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நின்றோம். அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம், விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் முதலியோரின் முயற்சியால் 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18 ஆயிரம் டன் கோதுமை விதை தருவிக்கப்பட்டது. உண்பதற்குப் பற்றாத வேளையில் விதைக்குப் பணம் ஒதுக்கிய அத்துணிவே பசுமைப் புரட்சிக்கு வழி வகுத்தது. நம் அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையமும் இத்தகைய முதலீடே. கடைகளில் நாம் கேட்டு வாங்கும் 'அம்பை 16' நெல் அங்கே உருவானதுதான்.

அடுத்து, நிலைத்திருத்தல். விளைந்த காலத்தில் சேமித்தால்தான் விளையாத காலத்தில் உண்ண முடியும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? 1965 ஜனவரி 14-ஆம் நாள், பொங்கல் திருநாளன்று, இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவாயிற்று. இவை உழவரிடம் அரசு அறிவித்த விலையில் நெல்லை வாங்கிக் கிடங்குகளில் காக்கின்றன. இருப்பின் அருமையை 2023 டிசம்பர் 17, 18-ஆம் நாட்களில் நாம் கண்ணாரக் கண்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. திருவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோன ரயிலில் நூற்றுக்கணக்கான பயணிகள் அகப்பட்டுக் கொண்டனர். அருகிலுள்ள புதுக்குடி மக்கள் தங்கள் ஊரில் இருந்ததைக் கொண்டு சமைத்து அவர்கள் பசியாற்றினார்கள். அன்பு இருந்தது, அரிசியும் இருந்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பயணிகள் பட்டினி கிடந்திருப்பார்கள் அன்றோ?

மூன்றாவது, ஏழைக்கும் எட்டுதல். கிடங்கு நிறைய நெல் இருந்தும் வாங்கக் காசில்லையென்றால் பயன் என்ன? இதற்கென ஏற்பட்டவையே நியாய விலைக் கடைகள். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்பட்டது. 2013-இல் நாடாளுமன்றம் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. தமிழ்நாட்டில் அச்சட்டம் 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. உணவு, கொடுப்பவரின் தயவாக இருந்தது மாறி, பெறுபவரின் உரிமையாயிற்று.

இறுதியாக, சத்தாகச் சேர்தல். இதிலும் தமிழ்நாடு பலருக்கும் முன்னோடி எனலாம். 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியொன்றில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். 1956-இல் காமராசர் அதை ஊர்தோறும் கொண்டு சென்றார். அத்திட்டம் அன்றைய நெல்லை மாவட்டத்து எட்டயபுரத்தில் தொடங்கியது நமக்குப் பெருமை. 1975 அக்டோபர் 2-இல் மத்திய அரசின் குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது. அதன் வழியே அங்கன்வாடிகள் ஏற்பட்டன. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் தொடங்கி வைத்தார். 2010-இல் வாரம் ஐந்து முட்டை என்றாயிற்று. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. சோறு போட்டால் பிள்ளைகள் படித்துவிடுவார்களா என்று நகைத்தவர்கள் அன்று இருந்திருக்கலாம். அச்சோற்றை உண்டு படித்தவர்கள் இன்று மருத்துவர்களாகவும் ஆசிரியைகளாகவும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இவ்வளவும் இருந்தும், எங்களுக்கு ஏன் இரத்தசோகை? பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைக்கு 100 மில்லி இரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபினாவது இருக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். அரிசி பசியை ஆற்றும். ஆனால் தீட்டிய அரிசியில் இரும்புச் சத்து குறைவு. முருங்கைக்கீரை, பயறு, கம்பு, மீன், ஈரல் ஆகியவற்றில்தான் அது உள்ளது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்து உண்டால் அது உடலில் நன்கு சேரும். உண்டவுடன் தேநீர் குடித்தால் சேராது. நாட்டின் முதலீட்டில் நெடுங்காலம் நெல்லுக்கும் கோதுமைக்குமே பெரும்பங்கு சென்றது. பயறும் சிறுதானியமும் பின்தங்கின. இனிவரும் திட்டங்கள் இதைச் சீர்செய்ய வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

இன்னொரு காரணமும் உண்டு. பரிசோதனை நடந்த அன்று மாலை, யார் வீட்டில் எப்படி உண்கிறோம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஒருத்தி சிரித்துக்கொண்டே, "எங்க வீட்ல மீன் துண்டு அப்பாவுக்கும் தம்பிக்கும்தான், எனக்கும் அம்மாவுக்கும் குழம்பு" என்றாள். வேறு இருவர், "எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அம்மாவே தனக்கு வேண்டாமென்று ஒதுக்கி வைப்பதுதான் வழக்கமாகிவிட்டது.

பொதிகையிலிருந்து அணைக்கட்டு, வயல், கிடங்கு, கடை எனப் பல மைல் கடந்து வந்த உணவு, அடுப்படியிலிருந்து எங்கள் தட்டுக்கு வரும் அந்த நான்கு முழத்தில் நின்றுவிடுகிறது. அங்கே எந்தச் சட்டமும் வந்து பரிமாறாது. நாளைய தாய்மாரும் நாட்டின் விதைநெல்தானே?

எனவே நாங்கள் ஒரு சிறு திட்டம் வகுத்துள்ளோம். வாரந்தோறும் பள்ளியில் தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் உட்கொள்வோம். வாரம் இரண்டு நாளாவது கீரையோ பயறோ கொண்டு வந்து பகிர்ந்துண்போம். வீட்டில் அம்மாவையும் எங்களோடு உட்கார வைத்து உண்ணச் செய்வோம். பெற்றோரே, உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே: குழம்பிலுள்ள மீன் துண்டில் எங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரு பங்கு வையுங்கள். அடுத்த பரிசோதனையில் எங்கள் வகுப்பின் கணக்கு மாறியிருக்கும் என்று நம்புகிறோம்.