இன்றைய மழை மட்டும் போதாது

2022 டிசம்பர் 16 பின்னிரவில் பத்தாங் காலி முகாம் தளத்தின் மேல் நிலச்சரிவு இறங்கியது. 31 பேர் மாண்டனர். பல நாட்களாகப் பெய்து மண்ணில் ஊறிய மழையே முக்கியக் காரணம் என்றது பின்னர் வெளியான அரசாங்க அறிக்கை.

அந்த மழைக் கணக்கை இன்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் ‘பப்ளிக் இன்ஃபோ பாஞ்சிர்’ அகப்பக்கத்தில் சிலாங்கூரைத் தேர்ந்தெடுத்தால் மழையளவும் ஆற்று மட்டமும் அட்டவணையாக வரும். அதை யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்வதில்லை. நிலையங்களின் கருவிகள் அனுப்பும் எண்கள் தரவுத்தளத்தில் சேர்கின்றன. நாம் மாநிலத்தைத் தேர்ந்தெடுப்பதே தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி. திரையில் தெரிவது அதற்கான விடை.

இரண்டைக் கவனியுங்கள். முதலில், கடைசியாகப் புதுப்பித்த நேரம். கருவி பழுதானால் பழைய எண்ணே நிற்கக்கூடும். அடுத்து, முந்தைய நாட்களின் மழை. அதுவும் அதே வரிசையில் உண்டு, கூட்டிப் பாருங்கள்.

இது வெள்ளத்துக்கான பக்கம், நிலச்சரிவை முன்னறிவிக்காது. மேட்டோரத்தில் குடியிருப்போரும் முகாமிடப் போவோரும் மண் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று அறிய அது உதவும். சரிவில் புதிய விரிசல் கண்டாலோ, திரையைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே கிளம்பிவிடுங்கள்.