பெயர் சொல்லி அழைக்கும் ஊர்: 'மால்குடி டேஸ்' மனிதர்கள் நமக்குச் சொல்வது என்ன?



நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் 'மால்குடி டேஸ்' என்று சொன்னாலே ஒரு மெட்டு அவர்கள் காதில் ஒலிக்கத் தொடங்கிவிடும். 1986-87-ஆம் ஆண்டுகளில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான தொடர் அது. எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் கதைகளை இயக்குநர் சங்கர் நாக் முதலில் 39 பகுதிகளாகப் படமாக்கினார். இசை எல். வைத்தியநாதன். படங்களை வரைந்தவர் நாராயணின் தம்பி, கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லட்சுமண். கர்நாடகத்தின் ஆகும்பே கிராமம்தான் திரையில் மால்குடியாக மாறியது. சிறுவன் சுவாமிநாதனாக மாஸ்டர் மஞ்சுநாத் நடித்தான்.

சண்டையும் கூச்சலும் இல்லாத, குழந்தைகளோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்கக் கூடிய தொடர் இது. இணையத்தில் இன்றும் கிடைக்கிறது. இதில் வரும் எளிய மனிதர்கள், ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்சாலைகளின் நடுவே வாழும் நம்மிடம் என்ன கேட்கிறார்கள் என்பதைச் சிறிது சிந்திப்போம்.

மால்குடி எங்கே இருக்கிறது?

வரைபடத்தில் தேடினால் மால்குடி கிடைக்காது. அது நாராயணின் கற்பனையில் பிறந்த சிற்றூர். 1906-இல் சென்னையில் பிறந்த அவர், புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். மால்குடியின் முதல் நாவலான 'சுவாமியும் நண்பர்களும்' 1935-இல் வெளிவந்தது. பதிப்பகங்கள் பல திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதி அது. அதைப் படித்து மகிழ்ந்து, பதிப்பாளர் ஒருவரிடம் பரிந்துரைத்தவர் கிரகாம் கிரீன். 1926-இல் கத்தோலிக்கத் திருஅவையில் இணைந்த ஆங்கில எழுத்தாளர் இவர். தாம் பார்த்திராத ஊரின் மனிதர்களை அவர் தம் மனிதர்களாகவே உணர்ந்தார்.

காரணம் எளியது. மால்குடியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைத் தெரிந்து வைத்திருக்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரரும் உண்டு.

நம் பகுதியை எண்ணிப் பார்ப்போம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்திலும் பெரிய கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. நெல் விளைந்த இடங்களில் இன்று மதில் சுவர்கள் நிற்கின்றன. இதனால் பல்லாயிரம் குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்கிறோம். 2024-இல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. நல்ல செயல். ஆனால் அந்த 18,720 பேரில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? லைன் வீட்டில் அடுத்த கதவுக்குப் பின்னால் இருப்பவர் பெயராவது தெரியுமா?

சுவாமியின் பாட்டி

சுவாமிக்கு அப்பாவிடம் பயம். பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை என்றாலே கசப்பு. அவன் மனம்விட்டுப் பேசுவது பாட்டியிடம்தான். புதிய நண்பன் ராஜத்தின் பெருமைகளை அவன் அளக்க அளக்கப் பாட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அறிவுரை சொல்வதைவிட அதிகமாக அவள் செய்வது, காது கொடுப்பதே.

தாயும் தந்தையும் வெவ்வேறு ஷிப்டில் வேலை செய்யும் வீடுகளில் இன்று பிள்ளைகளை வளர்ப்பது ஆயாக்கள்தான். ஆயா ஒரு மூலையிலும், பேரப்பிள்ளை கைப்பேசியோடு மறு மூலையிலும் இருந்தால் அந்த உறவு வளருமா? திமொத்தேயுவின் நம்பிக்கை முதலில் அவருடைய பாட்டி லோயியிடம் குடிகொண்டிருந்தது என்று புனித பவுல் நினைவுபடுத்துகிறார் (2 திமொ 1:5). திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் தாத்தா, பாட்டிகள் மற்றும் முதியோருக்கென ஓர் உலக நாளை ஏற்படுத்தி, ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறை அதற்கு ஒதுக்கியதும் இதனால்தான்.

வெங்கட்ராவின் மகள்

'மாதம் நாற்பத்தைந்து ரூபாய்' என்ற கதையில் வெங்கட்ராவ் ஓர் அலுவலகக் குமாஸ்தா. இன்று சினிமாவுக்கு அழைத்துப் போகிறேன் என்று சிறுமி சாந்தாவிடம் சொல்லிவிட்டுப் போகிறார். அவள் நல்ல உடை உடுத்திக் காத்திருக்கிறாள். அலுவலகத்தில் விடவில்லை. மனம் வெறுத்து ராஜினாமாக் கடிதம் எழுதுகிறார். அந்த நேரத்தில் சம்பளம் 40 ரூபாயிலிருந்து 45 ஆகிறது என்று செய்தி வருகிறது. கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். இரவு வீடு திரும்பும்போது, உடுத்திய உடையோடு பிள்ளை தூங்கிவிட்டாள்.

இந்தக் கதையை நம் பகுதித் தந்தையர்க்கு விளக்கத் தேவையில்லை. ஓவர்டைம் பணத்தில்தான் பள்ளிக் கட்டணம் கட்ட முடிகிறது. வெங்கட்ராவை நாம் குற்றவாளி ஆக்க முடியாது. அந்த ஐந்து ரூபாய் அவர் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது. ஆயினும் வேலை மனிதருக்காகவே. மனிதர் வேலைக்காக அல்ல என்று புனித இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட தொழில் பற்றிய சுற்றுமடலில் கற்பித்தார். இதை நிர்வாகத்தில் இருக்கும் நம் கிறிஸ்தவ சகோதரர்களும் மனத்தில் கொள்வது நல்லது. ஒரு தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமை அவர் பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமையும்கூட.

தபால்காரர் தானப்பா

'வராத கடிதம்' என்று சொல்லத்தக்க கதையில் தபால்காரர் தானப்பாவுக்குத் தம் தெருவின் ஒவ்வொரு வீடும் அத்துப்படி. ராமானுஜத்தின் மகள் காமாட்சிக்கு வரன் அமையவில்லை என்று அவரும் சேர்ந்து கவலைப்படுகிறார். திருமணம் கூடி வரும் வேளையில் உறவினரின் சாவுச் செய்தி வருகிறது. அதைக் கொடுத்தால் திருமணம் நின்றுவிடும். அவர் அதை மறைத்து வைத்து, திருமணம் முடிந்த பின்பு ராமானுஜத்திடமே கொடுத்து, வேண்டுமானால் என்மேல் புகார் செய்யுங்கள் என்கிறார்.

அவர் செய்தது சரியா? கடமைப்படி சரியல்ல. ஒரு குடும்பத்தின் துயரச் செய்தியை மறைக்க எவருக்கும் உரிமை இல்லை. அதை அவரே ஒப்புக்கொள்கிறார். பிள்ளைகளோடு இதை விவாதிக்கலாம். ஆனால் உறையின் மேல் இருக்கும் முகவரிக்குப் பின்னால் ஒரு மகளின் வாழ்வு இருக்கிறது என்று கண்டாரே, அந்தக் கண் நமக்கு வேண்டும். நல்ல ஆயர் தம் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் (யோவா 10:3). இலாசர் உவமையில் ஏழைக்குப் பெயர் உண்டு. செல்வருக்குப் பெயர் இல்லை (லூக் 16:19-31). கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இக்காலத்தில் இது ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய உவமை.

லீலாவின் நண்பன்

ஐந்து வயது லீலாவுக்கு வேலைக்காரன் சித்தாதான் நண்பன். அவன் பந்தை மேலே எறிந்து, அது நிலாவைத் தொட்டு வந்தது என்பான், அவள் நம்புவாள். ஒரு நாள் அவள் தங்கச் சங்கிலி காணாமல் போகிறது. முன்பு சிறை சென்றவன் என்பதால் பழி சித்தா மேல் விழுகிறது. போலீஸ் பிடித்துப் போகிறது. சில நாள் கழித்துச் சங்கிலி புளிப் பானையில் கிடைக்கிறது. அப்போதும் வீட்டுத் தலைவர், எப்படியும் அவனை வைத்திருக்க முடியாது என்கிறார்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று தொலைதூரத்திலிருந்து வந்து நம்மிடையே உழைக்கும் இளைஞர்களை எண்ணிப் பார்ப்போம். தெருவில் ஒரு பொருள் காணவில்லை என்றால் முதலில் யாரைப் பார்க்கிறோம்? 2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் பற்றிய வாட்ஸ்அப் வதந்தி தமிழகமெங்கும் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோவிலுக்குச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதற்காக அவரை அடித்தே கொன்றார்கள். முன்பின் தெரியாதவர் என்பதே குற்றமாகிவிட்டது. பெயர் தெரியாத இடத்தில் சந்தேகம் குடியேறுகிறது. சந்தேகம் ஓர் உயிரையே பறித்துவிடும்.

எபனேசர் ஆசிரியர்

இறுதியாக, நமக்குச் சங்கடம் தரும் ஒருவர். சுவாமி படிக்கும் மிஷன் பள்ளியில் வேதபாட ஆசிரியர் எபனேசர், இயேசுவை உயர்த்துவதற்காகக் கண்ணனை இழித்துப் பேசுகிறார். சுவாமி எதிர்க்கேள்வி கேட்கிறான், காதைத் திருகுகிறார். அப்பா தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுகிறார். நாராயணும் புரசைவாக்கத்தில் லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்தவர் என்பதால், இந்தக் காட்சியில் அனுபவத்தின் வலி இருக்கிறது.

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமுமான எதையும் திருஅவை புறக்கணிப்பதில்லை என்று அறிக்கையிட்டது. இராமானுசர் பிறந்த ஊரில் வாழும் நாம் இதை மறக்கலாகாது. நம் மறைக்கல்வி ஆசிரியர்கள் இப்பகுதியைப் பார்ப்பது மிகவும் பயன் தரும். இயேசுவின் அன்பைச் சொல்ல எவரையும் இழித்துப் பேசத் தேவையில்லை.

நாம் செய்யக் கூடியவை

திருத்தந்தை பிரான்சிஸ் தம் 2020-ஆம் ஆண்டு உலக சமூகத் தொடர்பு நாள் செய்திக்கு, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கதை சொல்வதையே கருப்பொருளாக எடுத்தார் (விப 10:2). அதன்படி மூன்று சிறு முயற்சிகள்:

ஒன்று, வாரம் ஒரு பகுதியைக் குடும்பமாகப் பார்த்து, இவர் நம் தெருவில் யாரைப் போல் இருக்கிறார் என்று பிள்ளைகளைக் கேட்போம்.

இரண்டு, அடுத்த அன்பியக் கூட்டத்துக்கு முன் பெயர் தெரியாத ஓர் அண்டை வீட்டாரின் பெயரையும் ஊரையும் கேட்டறிந்து, அந்தப் பெயரைச் சொல்லி மன்றாடுவோம்.

மூன்று, விடுதியில் தங்கி வேலை செய்யும் ஒரு பெண்ணையோ, வெளி மாநிலத் தொழிலாளி ஒருவரையோ ஒரு வேளை உணவுக்கு அழைப்போம். மொழி தெரியாவிட்டாலும் சாம்பார் பேசிக்கொள்ளும்.

மால்குடி கற்பனை ஊர். ஆனால் பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளும் தெரு கற்பனையாக இருக்க வேண்டியதில்லை. அதைக் கட்ட அரசாணையும் முதலீடும் தேவையில்லை. நம்மைப் பெயர் சொல்லி அழைத்த ஆண்டவர் அதற்கான மனத்தை நமக்குத் தருவாராக. ஆமென்.