இன்சுலின் ஊசியும் நம்மவர் அச்சமும்

கோலசிலாங்கூர், ஜெராம், புக்கிட் ரோத்தான் தோட்டப்புறங்களில் இன்சுலின் என்றாலே, "இனி காலை எடுக்க வேண்டியதுதான்" என்று அஞ்சும் பெரியோர் பலர். தொலைக்காட்சி நாடகங்களும் ஊசியைக் கடைசிக் கட்டமாகவே காட்டுகின்றன. காலையும் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது ஆண்டுக்கணக்கில் அடங்காமல் நிற்கும் சீனி. ஊசி அதைத் தடுக்கவே போடப்படுகிறது. 1922-இல் கனடாவின் டொரொன்டோவில் 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்குமுன் இந்நோய் கண்ட பிள்ளைகள் பிழைப்பதே அரிது. அத்தகைய மருந்துக்கு நம்மிடையே இந்தக் கெட்ட பெயர்!

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது.

இன்னொரு தவறு உயிருக்கே உலை வைப்பது. நாடகத்தில் இனிப்புநீர்க்காரர் மயங்கினால் உடனே இன்சுலினைத் தேடி ஓடுவார்கள். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாதவருக்கு வேர்த்து, கை நடுங்கினால் பெரும்பாலும் சீனி இறங்கியிருக்கும். அப்போது இன்சுலின் கூடவே கூடாது. நினைவிருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழைக்க வேண்டும்.

ஒரு தைப்பூசத்தன்று, விரதமிருந்த அம்மையார் ஒருவர் வரிசையில் நடுங்கியபோது அருள் வந்ததென்று திருநீறு பூசினார்கள். பேரன்தான் ஓடிப்போய்ப் பானகம் வாங்கிவந்து கொடுத்தான். கால் மணி நேரத்தில் தெளிந்தார்.

விரதம் இருக்க எண்ணும் இனிப்புநீர் அன்பர்கள் ஊசியைத் தாமே நிறுத்தாமல், முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லி அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.