எம்.இ. சிவில்: பணம் கட்டுவதற்கு முன்

பி.இ. சிவில் முடித்து எம்.இ. ஸ்ட்ரக்சுரல் சேரப் போகிறவர்கள் நல்ல கல்லூரி எது என்று ஊரெல்லாம் விசாரிக்கிறார்கள். எந்த வழியில் சேர்கிறோம் என்பதை யோசிப்பவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் கேட் மதிப்பெண்ணை வைத்தும் சேரலாம். அண்ணா பல்கலைக்கழகம் 2023 முதல் நடத்தும் சீட்டா தேர்வை எழுதியும் சேரலாம். வகுப்பும் பாடமும் பட்டமும் ஒன்றுதான். ஆனால் ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் கேட் தகுதியோடு முழுநேரம் படிப்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. 24 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 2,97,600 ரூபாய். கேட் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பவருக்கு இந்தத் திட்டத்தில் ஒரு ரூபாயும் கிடையாது.

கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். சேரும் நாளில் அது காலாவதியாகாமல் இருக்க வேண்டும். தகுதி இருந்தும் பணத்தைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் கல்லூரி அலுவலகத்தில்தான். மாணவரின் பெயரை ஏ.ஐ.சி.டி.இ. இணையதளத்தில் கல்லூரிதான் கெடுவுக்குள் ஏற்ற வேண்டும். "பார்த்துக்கலாம் தம்பி" என்ற பதிலை நம்பி இருந்துவிடாதீர்கள். சேர்ந்த முதல் வாரமே எழுத்தில் கேளுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், ஆதார் இணைத்து இருக்கட்டும். உதவித்தொகை வாங்குபவர் வாரம் சுமார் எட்டு மணி நேரம் ஆய்வகத்திலோ வகுப்பிலோ உதவ வேண்டும், அது விதி. வந்த தொகையில் கல்லூரிக்குப் பங்கு தர வேண்டும் என்று யாராவது சொன்னால், அப்படியொரு விதி எங்கும் இல்லை.

அடுத்த சிக்கல் ஒரிஜினல் சான்றிதழ். எம்.இ. இடங்கள் பல கல்லூரிகளில் நிரம்புவதே இல்லை. வந்த மாணவரை விடாமல் பிடித்துவைக்கச் சான்றிதழை வாங்கிப் பூட்டிவைக்கிறார்கள். இதற்குள் ஐ.ஐ.டி.யிலிருந்து அழைப்போ அரசு வேலையோ வந்துவிட்டால் மாணவர் அலைய வேண்டியதுதான். யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சான்றிதழைப் பிடித்துவைப்பதைத் தடை செய்திருக்கின்றன. சரிபார்த்த கையோடு திருப்பித் தர வேண்டும். வகுப்பு தொடங்கும் முன் விலகினால், ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி அதிகபட்சம் 1,000 ரூபாய் கழித்துக்கொண்டு மீதிக் கட்டணம் முழுவதையும் தர வேண்டும். இங்கே தேதிதான் எல்லாம். விலகல் கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்பிவையுங்கள்.

வேலையை விடாமல் தொலைதூரக் கல்வியில் பொறியியல் பட்டம் என்று யாராவது ஆசை காட்டினால் 2017 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியின்றி அப்படித் தந்த பட்டங்களில் பல அதில் ரத்தாயின. பணியிலிருந்த பொறியாளர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள்.

இவற்றில் எதில் ஏமாற்றப்பட்டாலும் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் முதலில் புகார் கொடுங்கள். யு.ஜி.சி.யின் 2023 விதிகளின்படி அந்தக் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவருக்கு 30 நாள் கெடு. புகார் பொய் என்று தெரிந்தால் மாணவர் மீதும் நடவடிக்கைக்கு அவர் பரிந்துரைக்கலாம். அதனால் ரசீது, கடிதம், தேதி என்று கையில் ஆதாரம் இருப்பதை மட்டும் எழுதுங்கள்.