தெரிவுரிமை விலையும் கணக்கு மரத்தின் திருத்தமும்

ஒரு பங்கினைக் குறித்த நாளிற் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையைக் கொடுத்து, வாங்கியே தீரவேண்டும் என்னுங் கடமையை விதியாத ஒப்பந்தம் தெரிவுரிமை எனப்படும். இவ்வுரிமைக்கு இன்று கொடுக்கத்தகும் விலை யாது? 1973 ஆம் ஆண்டிற் பிளாக், ஷோல்ஸ் என்போர் இதற்கு ஒரு சூத்திரம் வெளியிட்டனர். 1979 இல் கொக்ஸ், ரோஸ், ரூபின்ஸ்ரைன் ஆகிய மூவர் அதே விடையை எளிய எண்கணிதத்தால் அணுகும் வழியொன்றைக் காட்டினர். அதுவே ஈருறுப்பு மரம்.

ஒப்பந்தக் காலம் சமமான படிகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு படியிலும் பங்கின் விலை குறித்த விகிதத்தால் ஏறும், அன்றேல் இறங்கும். இவ்வாறு கிளைக்கும் மரத்தின் நுனிகளில் உரிமையின் பெறுமதி வெளிப்படை. அங்கிருந்து, வட்டி வீதத்துக்கு இசைய வகுத்த நிகழ்தகவுகளால் நிறையிட்டு, வட்டியைக் கழித்து, வேர்வரை பின்னோக்கிக் கணித்தால் இன்றைய விலை பெறப்படும்.

அவ்விலை எத்துணைத் திருத்தமானது? பங்கின் விலையும் ஒப்பந்த விலையும் 100 டொலர், காலம் ஓராண்டு, தொடர்வட்டி 5 சதவீதம், ஆண்டுத் தளம்பல் 20 சதவீதம் எனக் கொள்க. சூத்திரம் தரும் விலை 10.45 டொலர். மரமோ ஒரு படியில் 12.16, இரண்டில் 9.54, மூன்றில் 11.04, நான்கில் 9.97 எனத் தரும். விடை மாறி மாறிக் கூடியுங் குறைந்தும் அலைவதேன்? உரிமையின் பெறுமதிக் கோடு முறியும் இடம் 100 ஆகும். இரட்டைப் படிகளில் நடு நுனி அவ்விடத்தே விழும்; ஒற்றைப் படிகளில் அவ்விடம் இரு நுனிகளுக்கு இடையே அமையும். அதற்கேற்ப வழுவின் குறியும் மாறுகின்றது.

படிகள் பெருக வழு அவற்றின் தொகைக்கு ஏறக்குறைய நேர்மாறாகச் சுருங்கும். 100 படிகளில் விடை 10.43. ஆனாற் கணிப்பு வேலை தொகையின் வர்க்கத்தோடு வளரும். எனவே வழுவைப் பாதியாக்க நான்கு மடங்கு உழைப்பு வேண்டும். இதனினும் சிறந்த வழி அலைவையே துணையாகக் கொள்வது. மூன்று, நான்கு படிகளின் விடைகளைச் சராசரியாக்கின் 10.51 கிடைக்கும். 1996 இல் லெய்சன், ரெய்மர் என்போர் மரத்தை ஒப்பந்த விலையை மையமாகக் கொண்டு அமைத்து, ஒற்றைப் படிகளில் வழு தொகையின் வர்க்கத்துக்கு நேர்மாறாகச் சுருங்கச் செய்தனர்.

சூத்திரம் இருக்க மரம் எதற்கு எனின், முடிவு நாளுக்கு முன்னரும் பயன்படுத்தக்கூடிய அமெரிக்க வகை விற்பனை உரிமைக்கு அத்தகைய முடிந்த சூத்திரம் இல்லை. மரத்தின் ஒவ்வொரு கணுவிலும், இப்போதே பயன்படுத்துவதா, காத்திருப்பதா என ஒப்பிடலாம். சரிபார்க்கச் சூத்திரமில்லாத அவ்விடத்தே வழுவின் இயல்பை அறிதல் இன்றியமையாதது.

எனினும் கணிப்பின் நுட்பம் வேறு, உண்மை வேறு. தளம்பல் 20 அன்றி 21 சதவீதமாயின் மேற்காட்டிய விலை 10.83 ஆகிவிடும். நூறு படி மரத்தின் வழு இரண்டு சதமே. மதிப்பீட்டிற் பிழைத்த ஒரு சதவீதத்தின் விளைவோ முப்பத்தெட்டுச் சதம். மரத்தை வளர்ப்பவர் அதன் வேரையும் நோக்குதல் வேண்டும்.