‘பதிவுகள் இல்லை’ என்று வந்தால் இல்லை என்று அர்த்தமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம், “இதை வைத்து என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். படம் பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், பேரனுக்கு கேம்ஸ் என்பார்கள். என் அப்பாவும் முதல் மூன்று மாதம் அப்படித்தான் சொல்லிக் கொண்டிருந்தார். அதே கம்ப்யூட்டரில்தான் அவர் தன் ஓய்வூதியப் பணத்தைக் காப்பாற்றிக் கொண்டார். சாப்ட்வேர் இன்ஜினியரான நான் தவறவிட்டதை அவர் கண்டுபிடித்தார். எப்படி என்று சொல்கிறேன். வீடோ மனையோ வாங்க நினைக்கும் எல்லோருக்கும் இது பயன்படும்.

எனக்கு 28 வயது. பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகம், மேடவாக்கத்தில் வாடகை வீடு. அப்பா ஓய்வு பெற்றதும் அம்மாவும் அவரும் என்னுடன் வந்துவிட்டார்கள். காலையில் தண்ணீர் லாரி வந்ததா என்று எட்டிப் பார்ப்பது, மோட்டார் போடுவது, எட்டு மணிக்குள் கிளம்பி டிராபிக்கில் நிற்பது, இரவு ஒன்பதுக்குத் திரும்புவது. எனக்குப் பழகிவிட்டது. அப்பாவுக்குப் பழகவில்லை. அவருக்குத் திருக்கழுக்குன்றம்தான் ஊர். செங்கல்பட்டிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். நண்பகலில் மலைக்கு வந்து சாதம் சாப்பிட்டுப் போகும் இரண்டு கழுகுகளைச் சின்ன வயதில் பார்த்தவர் அவர். 1998-க்குப் பிறகு அந்தப் பறவைகள் வரவில்லை. அப்பா மட்டும் திரும்பிப் போக வேண்டும் என்று சொல்லிக் கொண்டே இருந்தார்.

சனி, ஞாயிறுகளில் பஸ் ஏறிப் போய் வீடு பார்த்தோம். சங்கு தீர்த்தக் குளத்துக்கு நடந்து போகும் தூரத்தில், மூன்று அறை, பின்பக்கம் கிணறு. விலை 40 லட்சம் ரூபாய். அப்பாவின் பணம் 15 லட்சம், மீதி என் பெயரில் வங்கிக் கடன். வெள்ளிக்கிழமை நல்ல நாள், 3 லட்சம் அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு. அந்த நம்பிக்கையில் மேடவாக்கம் வீட்டுக்காரரிடமும் மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லிவிட்டோம்.

முதலில் ஒரு பட்டியல்

வீடு மாறும்போது வேலைகள் தலைக்கு மேல் இருக்கும். அவற்றை மனதில் வைத்துக் கொள்ளாதீர்கள். எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்து ஐந்து நெட்டு வரிசைகள் அமையுங்கள்: செய்ய வேண்டியது, யார், எந்தத் தேதிக்குள், தொகை, முடிந்ததா. தொகை வரிசையின் கீழே உள்ள காலி செல்லில் கர்சரை வைத்து, எக்செலில் ஆல்ட் கீயுடன் சமக்குறி கீயை அழுத்தி என்டர் தட்டினால் கூட்டுத்தொகை வந்துவிடும்.

இதில் பலரும் மறப்பது பதிவுச் செலவு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம்! இந்தத் தொகையைத் தட்டியதும் அம்மா புது பிரிட்ஜை பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டார்.

பட்டாவும் வில்லங்கமும்

சொத்து பற்றி வீட்டிலிருந்தே பார்க்க இரண்டு அரசுத் தளங்கள் இருக்கின்றன. ஒன்று வருவாய்த் துறையின் இ-சர்வீசஸ் தளம். மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் கொடுத்தால் பட்டா யார் பெயரில் உள்ளது என்று காட்டும். மனையின் அளவு காட்டும் புலப்படமும் இங்கேயே கிடைக்கும்.

இன்னொன்று பதிவுத் துறையின் டிஎன் ரெஜிநெட். இது 2018 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. இதில் வில்லங்கச் சான்று விவரம் பார்க்கலாம். அதாவது, குறிப்பிட்ட காலத்தில் அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, தானம், பாகப்பிரிவினை, அடமானம் முதலியவற்றின் பட்டியல். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், தேதிகள், சர்வே எண் என வரிசையாகக் கொடுத்தால் பட்டியல் பிடிஎப் பைலாகக் கிடைக்கும்.

“வங்கி வக்கீல் இதையெல்லாம் பார்ப்பாரே?” என்று கேட்பீர்கள். பார்ப்பார். ஆனால் நீங்கள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கடனுக்கு மனுப் போட்ட பிறகுதான் பார்ப்பார்.

நான் செய்த தவறு

புதன்கிழமை இரவு, அலுவலகத்திலிருந்து வந்த களைப்போடு உட்கார்ந்தேன். பட்டாவைப் பார்த்தேன். விற்பவர் பெயரில் சரியாக இருந்தது. அதிலிருந்த சர்வே எண்ணை 120/3பி என்று வைத்துக் கொள்ளுங்கள். அதே எண்ணை வில்லங்கத் தேடலில் கொடுத்தேன். சர்வே எண் 120, உட்பிரிவு 3பி. பதிவுகள் ஏதும் இல்லை என்று வந்தது. “அப்பா, வில்லங்கம் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுத்துவிடலாம்” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன். மொத்தம் பத்து நிமிட வேலை.

மறுநாள் நான் அலுவலகம் போனதும் அப்பா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு சந்தேகம். “அவர் அந்த வீட்டை 1996-ல் வாங்கினார் என்று பத்திரம் இருக்கிறது. அந்த விற்பனையாவது பட்டியலில் வர வேண்டாமா? ஒன்றுமே இல்லை என்றால் எப்படி?”

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. இருக்க வேண்டிய ஒன்று பதிலில் வரவில்லை என்றால், தேடிய விதத்தில்தான் கோளாறு. புரோகிராம் எழுதும்போது நாங்கள் தினமும் செய்யும் சோதனை இதுதான். சொந்த வீடு என்றதும் மறந்துவிட்டேன்.

அப்பா எப்படிக் கண்டுபிடித்தார்?

அவர் பத்திர நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் கொண்டார். அதில் ‘செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்’ என்று இருந்தது. 1997 ஜூலையில் காஞ்சிபுரம் மாவட்டம் உருவானது. 2019 நவம்பரில் அதிலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது. ஆக, வீடு நகரவே இல்லை, அதன் மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறிக் கொண்டே வந்திருக்கிறது. மாவட்டம் மாறியது போல் எண்ணும் மாறியிருக்கும் என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. பத்திரத்தில் பார்த்தால் சர்வே எண் வெறும் 120 தான். 3பி என்ற உட்பிரிவே இல்லை. அது பிற்பாடு பட்டா தனியாகப் பிரிக்கப்பட்டபோது வந்தது.

உட்பிரிவுக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, 120 என்று மட்டும் கொடுத்துத் தேடியிருக்கிறார். அந்த எண்ணில் இருந்த எல்லா மனைகளின் பதிவுகளும் வந்து விழுந்தன. பிடிஎப் பல பக்கம். ஸ்கேலை மானிட்டரில் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்திருக்கிறார். 1996 விற்பனை இருந்தது. அதோடு நிற்காமல் மேலும் படித்ததில், 2014-ல் ஒரு பதிவு. உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்து வங்கியில் கடன் வாங்கியதாக இருந்தது.

அது நம் வீடுதானா, பக்கத்து மனையா? இந்தப் பட்டியலில் ‘முந்தைய ஆவண எண்’ என்று ஒரு கட்டம் உண்டு. அந்த 2014 பதிவில் அந்த இடத்தில் நம் கையிலிருந்த 1996 பத்திரத்தின் எண்ணே இருந்தது. கடன் அடைந்ததற்கான ரசீது ஆவணம் எங்கேயும் பதிவாகவில்லை.

நான் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. “டேய், வெள்ளிக்கிழமை பணம் வேண்டாம். வீட்டுக்கு வா, ஒன்று காட்டுகிறேன்.”

ஐந்து வாரம்

விற்பவர் ஏமாற்றுக்காரர் இல்லை. பிடிஎப்பை பிரிண்ட் எடுத்துக் காட்டியதும் திகைத்துப் போனார். கடனைக் கட்டி முடித்து, அசல் பத்திரங்களையும் திரும்ப வாங்கிவிட்டார். ஆனால் கடன் தீர்ந்த ரசீதைப் பதிவு செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பதிவேட்டைப் பொறுத்தவரை அந்த வீடு இன்னமும் அடமானத்தில்தான் இருந்தது. வங்கியில் கடிதம் வாங்கி, ரசீது பதிவாகி, பட்டியலில் அந்த வரி வருவதற்கு ஐந்து வாரம் ஆனது.

அதற்குள் மேடவாக்கம் வீட்டுக்கு வேறு ஆள் பேசி வைத்துவிட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி, அதிக வாடகைக்கு இன்னும் இரண்டு மாதம் வாங்கினோம். பாதிச் சாமான் மூட்டை கட்டியபடியே அந்த இரண்டு மாதமும் இருந்தோம். தினமும் சட்டையைத் தேடி எடுப்பதே பெரிய வேலை. ஆனாலும் அப்பா நிம்மதியாகத் தூங்கினார். அட்வான்ஸ் கொடுத்த பிறகு இது தெரிந்து, விற்பவரும் நல்லவராக இல்லாதிருந்தால்? அந்த 3 லட்சத்துக்கு நாங்கள் கோர்ட் படி ஏறியிருக்க வேண்டும்.

நீங்கள் தேடும்போது

1. ‘பதிவுகள் இல்லை’ என்றால், நீங்கள் கேட்ட எண்ணுக்கு, கேட்ட தேதிக்குள், கேட்ட அலுவலகத்தில் இல்லை என்றுதான் பொருள். சொத்துக்கே வில்லங்கம் இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லவில்லை.

2. உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு பதிவு (விற்பவர் வாங்கிய பத்திரம்) பட்டியலில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வரவில்லையென்றால் தேடலை மாற்றுங்கள்.

3. பட்டாவில் உள்ள எண், பழைய பத்திரத்தில் உள்ள எண், உட்பிரிவு இல்லாத எண் என மூன்று விதமாகவும் தேடுங்கள்.

4. எந்த அலுவலகத்தில் பதிவானது என்பதைப் பத்திரத்தில் உள்ள முத்திரையில் பாருங்கள். கிராமங்கள் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படுவது உண்டு.

5. பிடிஎப்பில் கண்ட்ரோல் + எப் கொடுத்துத் தமிழ்ப் பெயரைத் தேடி, கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். எழுத்துரு காரணமாகத் தமிழ்ச் சொற்கள் தேடலில் சிக்காமல் போகலாம். கண்ணால் படிப்பதே நல்லது. எங்கள் ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ‘ழு’ என்பதற்கு எல் போடுபவர்கள் பாதி, இஸட் எச் போடுபவர்கள் பாதி!

6. பதிவு செய்யப்படாத கைக்கடன், வாய்மொழி ஒப்பந்தம் இவையெல்லாம் இந்தப் பட்டியலில் வராது. மிகப் பழைய ஆண்டுகளுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் மனுச் செய்ய வேண்டியிருக்கும். அசல் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வக்கீலிடமும் காட்டுங்கள்.

7. தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று அட்ரஸ் பாரில் பார்த்த பிறகே மொபைல் எண்ணையும் ஓடிபியையும் கொடுங்கள்.

பேப்பர்களைப் பத்திரப்படுத்துங்கள்

சாமான் ஏற்றும் நாளில் முதலில் காணாமல் போவது பேப்பர்தான். அதற்கு முன்பே பத்திரம், பட்டா, ரசீதுகளை ஸ்கேன் செய்திடுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் மொபைல் கேமராவே போதும். பைலுக்கு ‘ஸ்கேன்001’ என்று பெயர் வைக்காமல், ‘1996 கிரயப் பத்திரம்’, ‘2014 கடன்’, ‘கடன் ரசீது’ என்று ஆண்டை முன்னால் வைத்துப் பெயரிடுங்கள். போல்டரில் தானாகவே வரிசையாக நிற்கும்.

ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவில், ஒன்று கிளவுடில் இருக்கட்டும். கம்ப்யூட்டரும் பென் டிரைவும் ஒரே லாரியில் போகக் கூடாது. எங்கள் பென் டிரைவ் அம்மாவின் கைப்பையில் வந்தது.

கம்ப்யூட்டரைப் பிரிக்கும் முன் அதன் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். எந்த வயர் எங்கே என்ற குழப்பம் வராது. புது வீட்டில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன பிறகே பிளக்கைச் செருகுங்கள்.

நாங்கள் குடிவந்து இப்போது நான்கு மாதமாகிறது. நான் வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் போய் வருகிறேன், மீதி நாள் வீட்டிலிருந்தே வேலை. மலை தெரியும் ஜன்னலுக்குப் பக்கத்தில் அப்பாவின் கம்ப்யூட்டர் இருக்கிறது. தெருவில் யாராவது மனை வாங்குவதாக இருந்தால், பத்திர நகலோடு அவரைப் பார்க்க வருகிறார்கள். அவர் முதலில் கேட்பது, “பழைய பத்திரத்தில் என்ன எண் போட்டிருக்கிறது?” என்றுதான். நீங்களும் இன்று மாலை உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்து, பட்டாவில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்களேன்.